ஜப்பானுக்கு வருவதும் ஜப்பானில் வாழ்வதும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டோக்கியோவில் வசிக்கிறேன் என்று தெரிந்ததும் உறவினரும் நண்பர்களும் அவர்களுடைய நண்பர்களும் கேட்கும் கேள்விகளைத் தொகுத்து வைத்திருக்கிறேன். பத்து நாள் சுற்றிப் பார்க்க வருபவரும் பத்து வருடம் தங்க வருபவரும் ஒரே மாதிரியான சந்தேகங்களோடுதான் வருகிறார்கள். ஆனால் பதில்கள் வேறு. வருபவர் கண்ணுக்குத் தானாக நடப்பதுபோல் தெரியும் ஒழுங்கு, இங்கே வாழும் ஒவ்வொருவரும் தினமும் செய்யும் வேலை. அந்த வேலையில் பங்கெடுக்கத் தயாராக இருப்பவர்களுக்கு இது அருமையான நாடு என்பது என் கருத்து. முதல் பாதிக் கேள்விகள் வருகையைப் பற்றியவை, மற்றவை வாழ்வதைப் பற்றியவை.

எந்த மாதத்தில் வந்தால் நன்றாக இருக்கும்? செர்ரிப் பூ பார்த்தே ஆக வேண்டுமா?

டோக்கியோ, கியோட்டோ, ஒசாகா பகுதிகளில் மார்ச் கடைசி வாரத்திலிருந்து ஏப்ரல் முதல் வாரம் வரை செர்ரி பூக்கும். நாடு வடக்கு தெற்காக நீண்டு கிடப்பதால் ஒகினவாவில் ஜனவரியிலேயே பூத்துவிடும், ஹொக்கைடோவில் ஏப்ரல் கடைசிக்கு மேல்தான். பூத்த மரம் ஒரு வாரம் தாங்கினால் அதிகம். ஒரு நல்ல மழை பெய்தால் அதுவும் இல்லை. பூவை மட்டும் நம்பி டிக்கெட் எடுத்தால் ஏமாற்றம் வரலாம்.

என்னைக் கேட்டால் நவம்பர் என்பேன். வானம் தெளிந்திருக்கும், குளிர் தாங்கக்கூடியதாக இருக்கும், மாதக் கடைசியில் கியோட்டோ மேப்பிள் இலைகளால் சிவந்திருக்கும். ஜூன் முதல் ஜூலை நடுப்பகுதி வரை மழைக்காலம். ஹொக்கைடோவை மட்டும் அது அவ்வளவாகத் தொடுவதில்லை. ஜூலை, ஆகஸ்டில் 35 டிகிரியோடு கடும் புழுக்கமும் சேர்ந்துகொள்ளும். வெயில் நமக்குப் பழகியதுதானே என்று அந்த மாதங்களில் வந்தவர்கள் எல்லோரும் வாடித்தான் போனார்கள். ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை புயல்களும் வரும்.

ஏப்ரல் 29 முதல் மே 5 வரையிலான தொடர் விடுமுறை, ஆகஸ்ட் நடுவில் வரும் முன்னோர் வழிபாட்டு நாட்கள், டிசம்பர் 29 முதல் ஜனவரி 3 வரை ஆகிய மூன்று காலங்களிலும் நாடே ஊருக்குக் கிளம்பும். ரயிலும் அறையும் கிடைப்பது கடினம்.

விசா எடுக்க வேண்டுமா?

இந்திய, இலங்கைப் பாஸ்போர்ட்டுக்கு விசா கட்டாயம். மலேசியா, சிங்கப்பூர் குடிமக்கள் சுற்றுலாவுக்கு 90 நாள் வரை விசா இல்லாமல் வரலாம். சென்னையில் ஜப்பானியத் துணைத் தூதரகம் இருக்கிறது. விண்ணப்பத்தில் அவர்கள் முக்கியமாகப் பார்ப்பது நாள்வாரிப் பயணத் திட்டத்தையும் வங்கிக் கணக்கையும். திட்டத்தை ஏனோதானோ என்று நிரப்பாமல், எந்த நாளில் எந்த ஊரில் எந்த விடுதியில் என்று ஒழுங்காக எழுதுங்கள்.

ஜப்பான் பயங்கரச் செலவான நாடு என்கிறார்களே?

அந்தப் பெயர் பழையது. யென்னின் மதிப்பு இறங்கியிருப்பதால் பல ஐரோப்பிய நகரங்களைவிட இப்போது செலவு குறைவு. சாதாரணக் கடையில் ஒரு வேளைச் சாப்பாடு 1,000 யென்னை ஒட்டி வரும். 24 மணி நேரக் கடையில் ஒரு சோற்று உருண்டை 150 முதல் 200 யென். தங்குமிடம் நீங்கலாக ஒருவர் ஒரு நாளை 5,000 முதல் 8,000 யென்னில் வசதியாகவே ஓட்டிவிடலாம். கையைக் கடிப்பது அறை வாடகையும் தூரப் பயணமும்தான்.

நுகர்வு வரி 10 சதவீதம். உணவைப் பொட்டலமாக வாங்கிப் போனால் 8 சதவீதம், அதே கடையில் உட்கார்ந்து சாப்பிட்டால் 10. டிப்ஸ் வழக்கம் இல்லை. மேசையில் பணம் வைத்துவிட்டு வந்தால் மறந்துவிட்டீர்கள் என்று நினைத்துக் கொண்டுவந்து கொடுப்பார்கள்.

ரயில் பாஸ் எடுப்பதுதானே லாபம்?

முன்பு லாபம். 2023 அக்டோபரில் நாடு முழுவதும் செல்லும் ஏழு நாள் பாஸின் விலை 29,650 யென்னிலிருந்து 50,000 யென்னாக ஏறிய பிறகு கணக்கு மாறிவிட்டது. டோக்கியோவிலிருந்து கியோட்டோவுக்கு அதிவேக ரயிலில் ஒருவழிக் கட்டணம் சுமார் 14,000 யென். ஹிரோஷிமா வரை போய்த் திரும்பினாலும் 40,000 யென்னை ஒட்டித்தான் வரும். ஒரே வாரத்தில் ஹிரோஷிமாவையும் தாண்டி ஓடுபவர்களுக்கு மட்டுமே பாஸ் கட்டுப்படியாகும். மற்றவர்கள் தனித்தனி டிக்கெட் எடுப்பதே நல்லது. நகரத்துக்குள் சுற்ற சுய்க்கா, பஸ்மோ போன்ற, பணம் ஏற்றிப் பயன்படுத்தும் பயண அட்டைகளில் ஒன்று போதும்.

கியோட்டோ பக்கம் போகும் அதிவேக ரயிலில் நீளம், அகலம், உயரம் கூட்டி 160 சென்டிமீட்டருக்கு மேல் வரும் பெட்டிக்கு, அதற்கென இடமுள்ள இருக்கையை முன்பதிவு செய்தாக வேண்டும். அப்படியே போகும்போது வலப்பக்க ஜன்னலைக் கேளுங்கள். கிளம்பி முக்கால் மணி நேரத்தில், மேகம் இல்லாவிட்டால், ஃபூஜி மலை அந்தப் பக்கம்தான் தெரியும்.

கார்டு போதுமா, ரொக்கம் வேண்டுமா?

இரண்டும் வேண்டும். பெரிய கடைகளில் கார்டு செல்லும். சின்ன உணவகம், கோயில் நுழைவுச் சீட்டு, கிராமத்துப் பஸ் ஆகியவற்றுக்குக் காசு தேவை. 24 மணி நேரக் கடைகளில் உள்ள ஏடிஎம்களில் வெளிநாட்டு அட்டைகள் வேலை செய்யும். 500 யென் வரை நாணயங்கள்தான் என்பதால் சில்லறைப் பை ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். 2024 ஜூலையில் புதிய நோட்டுகள் வந்தன. பழைய நோட்டுகளும் செல்லும். ஆனால் சில பழைய இயந்திரங்கள் புதிய நோட்டை ஏற்காது.

நான் சுத்த சைவம். பட்டினிதானா?

பட்டினி இல்லை. ஆனால் எல்லாவற்றையும்விட அதிகம் தயாராக வேண்டிய விஷயம் இதுதான். சிக்கல் கண்ணுக்குத் தெரியும் இறைச்சியில் இல்லை, தெரியாத சாற்றில் இருக்கிறது. ஒரு கிண்ணம் உடோன் நூடுல்ஸைப் பாருங்கள்: தெளிந்த பழுப்புச் சாறு, மேலே நறுக்கிய வெங்காயத்தாள், வேறு எதுவும் இல்லை. அந்தச் சாறுதான் தஷி. பெரும்பாலும் காய வைத்துச் சீவிய மீனைக் கொதிக்க வைத்து எடுப்பது. சோயா விழுதில் செய்யும் மிசோ சூப்பிலும், மாவில் தோய்த்துப் பொரித்த காய்கறி டெம்புராவுக்குத் தரும் தொட்டுக்கையிலும், பொரியல்போல் தெரியும் கீரையிலும் அதுவே இருக்கும். சூடான பண்டத்தின் மேல் மெல்லிய பழுப்புச் சுருள்கள் ஆவியில் அசைந்துகொண்டிருந்தால் அவையும் அந்த மீன்தான். பாக்கெட் கறிக் கூழில் மாட்டுக் கொழுப்பு அல்லது பன்றிக் கொழுப்பு இருப்பது சாதாரணம். சில ரொட்டிகளிலும் பன்றிக் கொழுப்பு உண்டு.

ஆகவே "இது சைவமா?" என்று கேட்டுப் பயன் இல்லை. "இறைச்சி இல்லையே" என்ற அர்த்தத்தில் மனதார ஆம் என்று சொல்லிவிடுவார்கள். இறைச்சி, மீன், மீன் சாறு, முட்டை என ஒவ்வொன்றையும் பெயர் சொல்லி, ஜப்பானிய மொழியில் எழுதிய ஒரு அட்டையைக் காட்டுங்கள். 24 மணி நேரக் கடைகளில் உப்பிட்ட பிளம் வைத்த சோற்று உருண்டை, வேகவைத்த பச்சை சோயா, பழம், தயிர், குளிர்காலத்தில் சுட்ட சர்க்கரைவள்ளிக் கிழங்கு கிடைக்கும். உருண்டையிலும் லேபிளைப் பார்த்துவிடுங்கள். நேபாளிகள் நடத்தும் இந்திய உணவகங்கள் சிறு ஊர்களில்கூட இருக்கின்றன. டோக்கியோவில் தோசையும் சாப்பாடும் தரும் தென்னிந்தியக் கடைகளே உண்டு.

சைவத்தை ஒரு பெரிய கலையாக வளர்த்ததும் இதே நாடுதான். புத்த மடங்களின் உணவில் மீன் சாற்றுக்குப் பதில் கடற்பாசியும் காய்ந்த காளானும்தான் அடிப்படை. வாகயாமா மாநிலத்துக் கோயாசான் மலையில் மடத்திலேயே இரவு தங்கி அந்தச் சாப்பாட்டைச் சாப்பிடலாம். எள்ளை அரைத்துச் செய்யும் "தோஃபு" ஒன்று தருவார்கள். அதை உண்பதற்காகவே அந்த மலைக்குப் போகலாம். சைவ நண்பர்கள் யார் வந்தாலும் நான் அங்கே அனுப்பாமல் விடுவதில்லை.

ஊரிலிருந்து மாத்திரை, மசாலா, கறிவேப்பிலை கொண்டு வரலாமா?

அரைத்த மசாலா, எண்ணெய் ஊறுகாய் ஆகியவற்றில் பொதுவாகச் சிக்கல் வருவதில்லை. இறைச்சி கலந்த எதுவும் கூடாது. பச்சை இலை, பழம், காய்க்குத் தாவரச் சுகாதாரச் சான்றிதழ் வேண்டும்; கைப்பையில் சுருட்டி வைத்த கறிவேப்பிலையும் இதில் அடங்கும். மாம்பழத்தை விமான நிலையத்திலேயே பறிகொடுப்பீர்கள்.

மருந்து விஷயத்தில் மிகக் கவனம் தேவை. மருத்துவர் எழுதிக் கொடுத்த மருந்தை ஒரு மாத அளவுக்குக் கொண்டுவரலாம். அதற்கு மேல் என்றால் முன்கூட்டியே இறக்குமதிச் சான்று வாங்க வேண்டும். ஆம்ஃபெட்டமின் கலந்த மருந்துகள் மருத்துவர் சீட்டு இருந்தாலும் முற்றிலும் தடை. சளி மாத்திரையில் சூடோஎஃபெட்ரின் 10 சதவீதத்துக்கு மேல் இருந்தால் அதுவும் கூடாது. வீட்டில் கிடக்கும் சளி மாத்திரைப் பட்டையைப் பையில் போடும் முன் அதன் பின்பக்கத்தைப் படியுங்கள்.

தெரியாமல் மரியாதைக் குறைவாக நடந்துகொண்டு விடுவோமோ என்று பயமாக இருக்கிறது.

பயம் வேண்டாம். அந்த அக்கறை இருந்தாலே பாதி வேலை முடிந்தது. ரயிலில் போனில் பேசாதீர்கள். வாசலில் செருப்புகள் வரிசையாக இருந்தால் நீங்களும் கழற்றுங்கள். வரிசை எங்கே தொடங்குகிறது என்று பார்த்து அதன் கடைசியில் நில்லுங்கள். சாப்பாட்டுக் குச்சியைச் சோற்றில் செங்குத்தாகக் குத்தி நிறுத்துவதும், குச்சியிலிருந்து குச்சிக்கு உணவைக் கைமாற்றுவதும் சாவுச் சடங்கை நினைவூட்டுபவை. வெந்நீர் ஊற்றுக் குளியலறைகளில் ஆடையின்றித்தான் இறங்க வேண்டும், அதற்கு முன் உட்கார்ந்து நன்றாகத் தேய்த்துக் குளித்துவிட வேண்டும். பச்சை குத்தியவர்களைப் பல இடங்களில் அனுமதிப்பதில்லை.

குப்பைத் தொட்டி தெருவில் அநேகமாக இருக்காது. 1995-இல் டோக்கியோ சுரங்க ரயிலில் நடந்த நச்சுவாயுத் தாக்குதலுக்குப் பிறகு பல இடங்களில் எடுத்துவிட்டார்கள். உங்கள் குப்பை உங்கள் பையில் அறை வரை வரும். தவறு செய்தாலும் யாரும் முகத்துக்கு நேரே சொல்ல மாட்டார்கள். முன்பே தெரிந்துகொண்டு வருவது அதனால்தான் நல்லது.

பெண் தனியாக வரலாமா? இரவில் பயமில்லையா?

வரலாம். இரவு பதினொரு மணிக்கு ரயில் நிலையத்திலிருந்து தனியாக நடந்து வீடு திரும்புவது இங்கே பல பெண்களுக்கு அன்றாடம். ஆனால் நெரிசலான ரயில்களில் தகாத தொடுதல் என்பது இந்த நாடு இன்னும் தீர்க்காத பிரச்சினை. காலை நெரிசல் நேரத்தில் பெண்கள் பெட்டி தனியாக உண்டு, நடைமேடையிலேயே குறியிட்டிருப்பார்கள். டோக்கியோவின் கபுகிச்சோ, ரொப்போங்கி போன்ற இரவுக் கேளிக்கைப் பகுதிகளில் கையைப் பிடிக்காத குறையாக அழைப்பவர்களின் பின்னால் போகாதீர்கள்.

தொலைந்த பொருள் திரும்பக் கிடைப்பது உண்மை. தெருமுனைக் காவல் சாவடியான கோபானில் சொல்லுங்கள். கண்டெடுத்த பொருளை மூன்று மாதம் வைத்திருப்பார்கள். அவசரத்துக்குப் போலீஸ் 110, ஆம்புலன்ஸும் தீயணைப்பும் 119. ஆம்புலன்ஸுக்குக் கட்டணம் இல்லை.

மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். வெளிநாட்டவர் பாஸ்போர்ட்டையோ வசிப்பிட அட்டையையோ எப்போதும் கையில் வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம். கைதானால் குற்றச்சாட்டு பதிவாகாமலேயே 23 நாள் வரை காவலில் வைக்க முடியும். போதைப்பொருள் விஷயத்தில் சிறு அளவுக்கும் இரக்கம் கிடையாது.

நிலநடுக்கம் வந்தால் என்ன செய்வது?

சிறு அதிர்வுகள் வரும், பழகிவிடும். பெரியது வருவதற்குச் சில நொடிகள் முன்பு எல்லோர் கைப்பேசியும் ஒரே நேரத்தில் அலறும். உடனே மேசைக்கு அடியில் தலையைக் காத்துக்கொள்ளுங்கள், வெளியே ஓடாதீர்கள். கண்ணாடியும் ஓடும் விழுவது வெளியில்தான். கடற்கரையில் இருந்தால் அறிவிப்புக்குக் காத்திருக்காமல் மேட்டுக்குப் போங்கள். 2011 மார்ச் 11 அன்று, 9.0 அளவு நிலநடுக்கத்தில், பெரும்பாலான உயிர்களைக் கொண்டுபோனது அலைதான்.

செய்தியில் சொல்லும் எண்ணில் குழப்பம் வேண்டாம். ரிக்டர் போன்ற அளவு நிலநடுக்கத்தின் மொத்த வலிமை. ஜப்பானின் 0 முதல் 7 வரையிலான அளவு, நீங்கள் நிற்கும் இடத்தில் எவ்வளவு ஆடியது என்பது. 4 என்றால் விளக்கு ஊசலாடும், 6 என்றால் நிற்பதே கடினம். வீடு பார்ப்பவர்கள் ஒன்றைக் கட்டாயம் கேளுங்கள்: 1981 ஜூனில் வந்த புதிய கட்டட விதிக்குப் பிறகு கட்டியதா?

வேலைக்கு வருகிறேன். முதலில் என்ன செய்ய வேண்டும்?

பெரிய விமான நிலையங்களில் இறங்கியதும் வசிப்பிட அட்டை கையில் கிடைக்கும். வீடு அமைந்த 14 நாளுக்குள் வார்டு அலுவலகத்தில் முகவரியைப் பதிய வேண்டும். இந்த ஒரு பதிவிலிருந்துதான் அடையாள எண், மருத்துவக் காப்பீடு, ஓய்வூதியம், பிள்ளைகளின் பள்ளி எல்லாம் கிளை பிரிகின்றன. வீடு மாறினால் பழைய வார்டில் விலகல், புதிய வார்டில் சேர்தல் என இரண்டு பதிவு. சார்புநிலை விசாவில் வரும் கணவரோ மனைவியோ தனி அனுமதி வாங்கினால் வாரம் 28 மணி நேரம் வேலை பார்க்கலாம். மாணவர்களுக்கும் அதே வரம்பு.

என் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்று தனியாக எதுவும் இல்லை. சிக்கல் வருமா?

வரும். நம்மவர் எல்லோரும் தடுக்கி விழும் இடம் இது. இங்கே எந்தப் படிவத்திலும் குடும்பப் பெயர், சொந்தப் பெயர் என இரண்டு கட்டம், அதற்கு மேல், வெளிநாட்டுப் பெயர்களை ஒலிப்படி எழுதும் கதகானா எழுத்தில் உச்சரிப்புக்கு இரண்டு கட்டம். வெற்றுக் கட்டத்தைக் கணினி ஏற்காது. அப்பா பெயர் குடும்பப் பெயர் இடத்தில் இருந்தால் அலுவலகம், மருத்துவமனை, பிள்ளையின் பள்ளி என எல்லா இடத்திலும் உங்களை அப்பாவின் பெயரோடு மரியாதைச் சொல்லான "சான்" சேர்த்துத்தான் கூப்பிடுவார்கள். மனைவிக்கு வேறு குடும்பப் பெயர், பிள்ளைக்கு வேறு குடும்பப் பெயர் என்றால் மூவரும் ஒரே குடும்பம் என்று காட்டத் திருமணச் சான்றும் பிறப்புச் சான்றும் ஜப்பானிய மொழிபெயர்ப்போடு எப்போதும் தயாராக இருக்கட்டும்.

கதகானாவில் ழ, ள, ண கிடையாது. ல, ர இரண்டுக்கும் ஒரே எழுத்து. வங்கியில் ஒரு விதமாகவும் நிறுவனத்தில் வேறு விதமாகவும் எழுதிவிட்டால் சம்பளம் கணக்கில் சேராமல் திரும்பிப் போகும். முதல் நாளே ஒரு எழுத்துக்கோப்பை முடிவு செய்து, தாளில் எழுதி, கடைசி வரை ஒரு புள்ளிகூட மாற்றாமல் அதையே எல்லா இடத்திலும் பயன்படுத்துங்கள்.

வாடகை வீட்டுக்கு முதலிலேயே ஐந்து மாதப் பணம் கேட்கிறார்கள். ஏமாற்றுகிறார்களா?

இல்லை, வழக்கமே அதுதான். முதல் மாத வாடகை, முன்பணம், உரிமையாளருக்கு நன்றியாகத் தரும் திரும்பி வராத பணம், தரகு, உத்தரவாத நிறுவனத்தின் கட்டணம், தீக்காப்பீடு, பூட்டு மாற்றும் செலவு எல்லாம் சேர்ந்து நான்கு முதல் ஆறு மாத வாடகை ஆகிவிடும். டோக்கியோவில் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கவும் ஒரு மாத வாடகை கேட்பது சகஜம். வீடு பெரும்பாலும் வெறும் சுவரோடுதான் வரும். விளக்கும் அடுப்பும் நீங்களே வாங்க வேண்டும்.

வெளிநாட்டவர் என்பதற்காகவே மறுப்பவர்களும் இருக்கிறார்கள். அது கசப்பான உண்மை, அதை மெழுகிப் பேச எனக்கு மனமில்லை. யூஆர் எனப்படும் பொது வீட்டு நிறுவனத்தின் குடியிருப்புகளை முதலில் பாருங்கள். அங்கே நன்றிப் பணம், தரகு, உத்தரவாதி, புதுப்பிப்புக் கட்டணம் எதுவும் இல்லை. வருமானத் தகுதி இருந்தால் போதும். டோக்கியோவின் நிஷி-கசாய் பகுதியில் இத்தனை இந்தியக் குடும்பங்கள் சேர்ந்ததற்கு இத்தகைய குடியிருப்புகளும் ஒரு காரணம்.

குப்பை பிரிப்பது அவ்வளவு கஷ்டமா?

பழகும் வரை கஷ்டம். எரிவது, எரியாதது, பிளாஸ்டிக், புட்டி, டப்பா, காகிதம் என ஒவ்வொன்றுக்கும் ஒரு நாள். ஊருக்கு ஊர் விதி மாறும். தொகுஷிமா மாநிலத்துக் கமிகட்சு என்ற சிற்றூரில் 40-க்கும் மேற்பட்ட வகையாகப் பிரிக்கிறார்கள். தண்ணீர்ப் புட்டியைத் தூக்கிப் போடும் முன் மூடியைக் கழற்ற வேண்டும், லேபிளை உரிக்க வேண்டும், உள்ளே அலச வேண்டும், நசுக்க வேண்டும். காலை எட்டு மணிக்குள் வைத்து, காகம் கிளறாமல் மேலே வலையைப் போர்த்த வேண்டும். தவறாகப் பிரித்த பையில் ஒரு எச்சரிக்கைத் தாளை ஒட்டி அங்கேயே விட்டுவிட்டுப் போவார்கள், தெருவே பார்க்கும்படி. மெத்தை, நாற்காலிக்கு முன்பதிவு செய்து, காசு கொடுத்து வாங்கிய ஸ்டிக்கரை ஒட்ட வேண்டும். வார்டு அலுவலகம் தரும் நாட்காட்டியைச் சமையலறைச் சுவரில் ஒட்டிவிடுங்கள்.

ஆங்கிலம் வைத்துச் சமாளிக்க முடியாதா?

சுற்றுலாவுக்கு முடியும். கைப்பேசி மொழிபெயர்ப்பும் நல்ல மனதுள்ள மனிதர்களும் போதும். வாழ முடியாது. அலுவலகம் ஆங்கிலத்தில் நடந்தாலும் மருத்துவரின் கேள்வி, பள்ளியின் சுற்றறிக்கை, மின்கட்டண அறிவிப்பு, மேல்வீட்டுப் பாட்டியின் வணக்கம் எல்லாம் ஜப்பானிய மொழியில்தான் வரும். ஹிராகானா, கதகானா என்ற இரண்டு ஒலியெழுத்து முறைகளிலும் அடிப்படை எழுத்துகள் 46 வீதம். வருவதற்கு முன்பே இவற்றைக் கற்றுக்கொள்ளுங்கள். சீனாவிலிருந்து வந்த கான்ஜி எழுத்துகளின் அன்றாடப் பயன்பாட்டுப் பட்டியலில் 2,136 எழுத்துகள்; அதற்கு வருடங்கள் ஆகும். வார்டு அளவில் தன்னார்வலர்கள் நடத்தும் வகுப்புகளுக்குக் கட்டணம் மிகக் குறைவு, நட்பும் அங்கேதான் கிடைக்கும்.

தமிழர்களுக்கு ஒரு பெரிய சலுகை உண்டு. வினை கடைசியில் வரும், வேற்றுமை உருபுபோன்ற ஒட்டுகள் பெயருக்குப் பின்னால் வரும், எழுவாயைச் சொல்லாமலே பேசலாம். தமிழில் நினைத்ததை அதே வரிசையில் வைத்தால் பெரும்பாலும் வாக்கியம் அமைந்துவிடும். ஆங்கிலத்தின் வழியாக இந்த மொழியைப் படிக்காதீர்கள்.

அப்படியென்றால் தமிழும் ஜப்பானிய மொழியும் உறவு மொழிகள் என்பது உண்மைதானா?

காக்குஷூயின் பல்கலைக்கழகப் பேராசிரியர் சுசுமு ஓனோ இதைப் பல ஆண்டுகள் வாதிட்டார். 2008-இல் மறைந்தார். தமிழின் மேல் அவர் காட்டிய அன்பும் உழைப்பும் பெரியவை. ஆனால் மொழியியலாளர்களில் பெரும்பாலோர் அந்த முடிவை ஏற்கவில்லை. முந்தைய பதிலில் சொன்ன வாக்கிய ஒற்றுமை, கொரிய, துருக்கிய மொழிகளிலும் இருப்பது. அதை வைத்து உறவு நிரூபணமாகாது. ஆனால் படிக்கும்போது தாராளமாக உதவும்.

உடம்பு சரியில்லை என்றால்?

மூன்று மாதத்துக்கு மேல் வசிக்கும் எல்லோருக்கும் காப்பீடு கட்டாயம். செலவில் 30 சதவீதம் நீங்கள் தர வேண்டும். பல் மருத்துவமும் அடங்கும். மாதச் செலவு ஒரு வரம்பைத் தாண்டினால் மீதியைக் காப்பீடே ஏற்கும். முதலில் அக்கம்பக்கத்துச் சிறு கிளினிக்குக்குப் போங்கள். கடிதம் இல்லாமல் நேரே பெரிய மருத்துவமனைக்குப் போனால் குறைந்தது 7,000 யென் கூடுதலாக வாங்குவார்கள்.

சுகப்பிரசவம் நோயாகக் கருதப்படாததால் காப்பீட்டில் வராது. பதிலாக 5,00,000 யென் உதவித்தொகை உண்டு. குழந்தை பிறந்தால் 14 நாளுக்குள் வார்டு அலுவலகத்தில் பதிவு, 30 நாளுக்குள் குடிவரவு அலுவலகத்தில் விண்ணப்பம். இந்த இரண்டாவது தேதியைத் தவறவிடாதீர்கள். இங்கே பிறந்ததாலேயே குழந்தைக்கு ஜப்பானியக் குடியுரிமை வராது.

இரண்டாம் வருடம் சம்பளம் குறைந்துவிட்டது. நிறுவனம் ஏமாற்றுகிறதா?

அநேகமாக இல்லை, அது வசிப்பிட வரி. முந்தைய வருட வருமானத்தில் சுமார் 10 சதவீதம், ஜூன் மாதம் தொடங்கிப் பிடிப்பார்கள். முதல் வருடம் இங்கே வருமானமே இல்லாததால் பிடித்தம் இல்லை. அந்தச் சம்பளத்தை நம்பி வீடு பார்த்தவர்கள் இரண்டாம் ஜூனில் திணறுகிறார்கள். ஜனவரி 1 அன்று இங்கே வசித்தால் அந்த வருடத்துக்கான வரி உங்கள் தலையில்தான், பிப்ரவரியில் ஊர் திரும்பினாலும். சம்பளப் பேச்சின்போது இன்னொன்றையும் கேளுங்கள்: சொல்லும் தொகைக்குள் மிகைநேர ஊதியம் அடங்கியிருக்கிறதா, எத்தனை மணி நேரத்துக்கு? சட்டப்படி மிகைநேரம் மாதம் 45, வருடம் 360 மணி நேரம் என்பது பொது வரம்பு. சிறப்பு ஒப்பந்தம் போட்டு அதற்கு மேலும் வாங்கும் நிறுவனங்கள் உண்டு.

பிள்ளைகளை ஜப்பானியப் பள்ளியில் சேர்க்கலாமா?

எத்தனை வருடம் தங்கப் போகிறீர்கள் என்பதுதான் விடை. ஆறு வருடத் தொடக்கப் பள்ளியும் மூன்று வருட நடுநிலைப் பள்ளியும் பொதுப் பள்ளிகளில் கட்டணம் இல்லாதவை. வெளிநாட்டுப் பிள்ளைகளுக்குக் கட்டாயம் இல்லை, வார்டு அலுவலகத்தில் கேட்டால் சேர்த்துக்கொள்வார்கள். கல்வியாண்டு ஏப்ரலில் தொடங்கும். ஆறு வயதுக் குழந்தை தானே நடந்து போய், தானே வகுப்பைப் பெருக்கி, மதிய உணவைத் தோழர்களுக்குப் பரிமாறுவதைப் பார்க்கும்போது எனக்கு மனம் நிறைந்துவிடுகிறது. சைவப் பிள்ளைகளுக்கு வீட்டுச் சாப்பாடு கொண்டுவர ஆசிரியரிடம் பேசி ஏற்பாடு செய்யலாம். மூன்று நான்கு வருடத்தில் திரும்புவதாக இருந்தால் டோக்கியோ, யோகோஹாமாவில் உள்ள இந்தியப் பாடத்திட்டப் பள்ளிகள் பொருத்தம், கட்டணம் உண்டு.

ஊர் திரும்பும்போது கட்டிய ஓய்வூதியப் பணம் கிடைக்குமா?

வெளியேறிய இரண்டு வருடத்துக்குள் விண்ணப்பித்தால் ஒரு தொகை கிடைக்கும். அதிகபட்சம் ஐந்து வருடத்துக்கான கணக்கே எடுத்துக்கொள்ளப்படும். நிறுவன ஊழியர் ஓய்வூதியத்தில் 20.42 சதவீத வரி பிடிப்பார்கள். இங்கே ஒரு வரிப் பிரதிநிதியை நியமித்துவிட்டுப் போனால் அதைத் திரும்பக் கேட்கலாம்.

இந்தியாவுக்கும் ஜப்பானுக்கும் இடையே 2016 அக்டோபர் முதல் சமூகப் பாதுகாப்பு ஒப்பந்தம் நடைமுறையில் உள்ளது. இரு நாட்டுச் சேவைக் காலத்தையும் கூட்டித் தகுதி பெறலாம். ஆனால் மொத்தத் தொகையை வாங்கிவிட்டால் ஜப்பானில் கட்டிய அந்தக் காலம் அழிந்துவிடும். இங்கே மட்டும் பத்து வருடம் கட்டியவருக்கு மொத்தத் தொகை இல்லை, முதுமையில் ஓய்வூதியம்தான். ஒன்பதாம் வருடத்தில் இருப்பவர்கள் அவசரப்படாமல் யோசியுங்கள்.

நிரந்தரமாகத் தங்க எத்தனை வருடம் ஆகும்?

பொது விதி பத்து வருடம். படிப்பு, சம்பளம், வயது, மொழி ஆகியவற்றுக்கான புள்ளி முறையில் 70 இருந்தால் மூன்று வருடம், 80 இருந்தால் ஒரே வருடம். வரி, காப்பீடு, ஓய்வூதியம் மூன்றையும் கட்டியிருந்தால் போதாது, கெடு தேதிக்குள் கட்டியிருக்க வேண்டும். வேலை மாறும் இடைவெளியில் ஒரு மாதத் தவணையை மறந்துபோய் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டவர்களை அறிவேன். குடியுரிமை வேறு விஷயம்: ஜப்பான் இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை, இந்தியாவும் ஏற்பதில்லை.

எவ்வளவு காலம் வாழ்ந்தாலும் வெளியாளாகத்தான் பார்ப்பார்களா?

நெரிசலான ரயிலிலும் பக்கத்து இருக்கை காலியாகவே கிடக்கும் நாட்கள் வரும். வீட்டு வாடகைப் பதிலில் சொன்ன மறுப்பும் வரும். முகம் பார்த்து "மொழி நன்றாகப் பேசுகிறீர்களே" என்று பத்தாம் வருடத்திலும் பாராட்டுவார்கள். அதில் தீமை இல்லை, ஆனால் வலிக்கும்.

இன்னொரு பக்கமும் அதே அளவு உண்மை. தெருவுக்குத் தெரு குடியிருப்போர் சங்கம் உண்டு. வடிகால் சுத்தம் செய்யும் நாள், பேரிடர் ஒத்திகை, கோடையில் சப்பரம் தூக்கும் திருவிழா எல்லாம் அவர்கள் நடத்துவது. அறிவிப்புப் பலகையில் தேதி பார்த்து, அழைப்புக்குக் காத்திருக்காமல் விளக்குமாற்றோடு போய் நில்லுங்கள். காகத்துக்கு வலை போர்த்தும் முறை உங்களுக்கு வரும்போது தவறாமல் போர்த்துங்கள். ஒரு வருடம் ஒன்றும் நடக்காததுபோல் இருக்கும். பிறகு ஒரு நாள் வாசலில் யாரோ ஒரு பை பெர்சிமன் பழத்தை வைத்துவிட்டுப் போயிருப்பார்கள். இங்கே நெருக்கம் பேச்சால் வருவதைவிட, நம் முறையைத் தவறாமல் செய்வதால் வருகிறது.

அப்பா அம்மாவை அழைத்துவந்து கூடவே வைத்துக்கொள்ளலாமா?

மிக அதிகம் கேட்கப்படுவதும், பதில் சொல்ல மிகவும் வருத்தமாக இருப்பதும் இந்தக் கேள்வி. பெற்றோருக்கென்று பொதுவான வசிப்பிட விசா இல்லை. உயர்திறன் பணியாளர் என்ற விசாத் தகுதியில் இருப்பவர், குடும்ப வருமானம் வருடம் 80 லட்சம் யென்னுக்கு மேல் இருந்தால், ஏழு வயதுக்குக் குறைந்த குழந்தையைப் பார்த்துக்கொள்ளவோ கர்ப்பிணிக்கு உதவவோ ஒரு தரப்புப் பெற்றோரை அழைக்கலாம். குழந்தைக்கு ஏழு வயதானதும் அந்தக் காரணம் முடிந்துவிடும். நிரந்தர வசிப்பிடம் வாங்கினால் இந்தச் சலுகை போய்விடும் என்பதால், விண்ணப்பிக்கும் முன் இதையும் கணக்கில் எடுங்கள்.

மற்றவர்களுக்கு 90 நாள் வரையிலான குறுகிய கால விசாதான். அதில் வரும் பெற்றோருக்கு மேலே சொன்ன மருத்துவக் காப்பீடு கிடையாது. ஒரு இரவு மருத்துவமனையில் தங்கினாலும் முழுச் செலவும் உங்களுடையது. ஏற்கெனவே உள்ள நோய்களையும் ஏற்கும் பயணக் காப்பீட்டை ஊரிலேயே எடுத்துவிடுங்கள். வழக்கமான மாத்திரைகள் மூன்று மாதத்துக்கு வேண்டும் என்பதால் மருந்துக்கான இறக்குமதிச் சான்றையும் முன்கூட்டியே வாங்குங்கள். முழங்கால் வலி உள்ளவர்களுக்கு மின்தூக்கி இல்லாத ரயில் நிலைய வாசல்கள் பெரும் தொல்லை. கிளம்பும் முன் எந்த வாசலில் மின்தூக்கி இருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். அக்டோபரில் வரவழைத்து டிசம்பர் குளிர் இறுகுவதற்குள் அனுப்பிவைப்பது, அல்லது மார்ச் கடைசியில் வரவழைப்பது, வயதானவர்களுக்கு ஏற்றது.